ஓய்வில் தெரியாத பழுது

பறந்துகொண்டிருந்த சிறிய மின்விமானத்தின் மோட்டார் ஓசை திடீரென்று அடங்குகிறது. விமானம் மிதந்து வந்து புல்லில் இறங்குகிறது. எடுத்துப் பார்த்தால் குறை எதுவும் தென்படுவதில்லை. மல்டிமீட்டரை வைத்தால் பேட்டரி 11.4 வோல்ட் காட்டுகிறது. டிரான்ஸ்மிட்டரின் குச்சியை மெல்லத் தள்ளினால் மோட்டார் சுழல்கிறது, வால் மடல்கள் சொன்ன பக்கம் திரும்புகின்றன. மறுபடி ஏற்றினால் ஒரு நிமிடத்தில் மறுபடியும் அடங்கிவிடுகிறது. ஆர்.சி. விமானம், அதாவது ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம், வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான புதிர். அதற்கு வழக்கமான ஒரு விடையும் உண்டு: மோட்டாரை மாற்று, சரிவராவிட்டால் வேகக் கட்டுப்படுத்தியை மாற்று, அதற்கும் மசியாவிட்டால் ரிசீவரை மாற்று. இந்த வழியில் பணம் போகிறது, பழுது போவதில்லை. தரையில் செய்த சோதனைகள் எல்லாம் விமானம் ஓய்வாக இருக்கையில் செய்தவை என்பதே காரணம். இத்தகைய விமானங்களை அலைக்கழிக்கும் பழுதுகள் பலவும் சுமை ஏறும்போது தலைகாட்டி, சுமை இறங்கியதும் மறைந்துவிடுபவை. எனவே எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், எந்தச் சுமையில் எது தளர்கிறது என்று கேட்க வேண்டும். மின்சுற்றுக்கு மட்டுமன்றி, ஒட்டுப்போட்ட இறக்கைக்கும் இந்தக் கேள்வியே பொருந்தும் என்பது என் வாதம்.

எண்களோடு பார்த்தால் விஷயம் தெளிவாகும். நுரைப்பொருளில் செய்த, 900 கிராம் எடையுள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று செல்கள் தொடராக இணைந்த 2200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, அதாவது பறக்கவிடுபவர்கள் 'லைப்போ' என்று சொல்வது, அதற்கு உயிர். முழு விசையில் மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது. லைப்போ செல் ஒன்று நிறையச் சார்ஜ் ஏறியபோது 4.2 வோல்ட் காட்டும். பாதியளவு இறங்கியபோது ஓய்வில் 3.8 வோல்ட் அளவில் நிற்கும். மூன்று சேர்ந்தால் 11.4. ஆனால் எந்த பேட்டரியும் தனக்குள்ளே கொஞ்சம் மின்தடையைச் சுமந்துகொண்டிருக்கிறது. நல்ல செல்லுக்கு அந்த உள்தடை 10 மில்லி ஓம் என்று வைத்தால், 20 ஆம்பியர் ஓடும்போது ஒரு செல்லில் 0.2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். வெளியே கிடைப்பது மொத்தம் 10.8 வோல்ட். அதனால் தொல்லை இல்லை. அதே பேட்டரி பலமுறை சூடேறி, பலமுறை அடிவரை வற்றி, முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து மூத்துப்போனால் உள்தடை 40 மில்லி ஓமுக்கு ஏறிவிடலாம். அப்போது செல்லுக்கு 0.8 வோல்ட் விழும், மூன்றுக்குமாக 2.4. கிடைப்பது 9 வோல்ட்தான். செல்லுக்கு 3 வோல்ட் என்ற இந்த அளவுக்கு அருகில்தான், பேட்டரி பாழாகாமல் இருக்க, வேகக் கட்டுப்படுத்தி மோட்டாரை நிறுத்தும்படி அமைத்திருப்பார்கள். மோட்டார் நின்றதும் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லையென்றால் உள்தடையில் விழும் வோல்ட்டும் இல்லை. விமானம் தரையைத் தொடுவதற்குள் பேட்டரி மீண்டும் 11.4-ஐ நெருங்கிவிடுகிறது. புல்வெளியில் மல்டிமீட்டர் காட்டிய எண் உண்மையான எண்தான். கேள்விதான் தவறு.

கோடைக்கால மாலையில் ஊரே விளக்கும் விசிறியும் போட்டிருக்கும்போது, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் சுற்றாமல் முனகுவதையும், நள்ளிரவில் அதே மோட்டார் தாராளமாகத் தண்ணீர் இறைப்பதையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பியின் தடையில் விழும் வோல்ட், கம்பியில் ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது. விமானத்தில் நடப்பதும் ஓம் விதி சொல்லும் இதே கணக்குத்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வீட்டு மின்சாரத்தில் 230 வோல்ட்டிலிருந்து இரண்டு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 11 வோல்ட்டிலிருந்து இரண்டு வோல்ட் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் போய்விட்டது. குறைந்த வோல்ட்டில் மிகுந்த ஆம்பியர் ஓட்டும் எந்தக் கருவியும் சிறு தடைகளுக்குப் பெரிய விலை கொடுக்கிறது.

மின்விமானத்தின் வரலாறே இந்தத் தடையோடு நடந்த மல்லுக்கட்டு என்று சொல்லலாம். பிரிட்டனின் கர்னல் டாப்ளின் 1957-இல் 'ரேடியோ குயின்' என்ற மாதிரி விமானத்தை மின்மோட்டாரில் பறக்கவிட்டபோது வெள்ளி-துத்தநாக மின்கலங்களை நாடினார். பிரெட் மிலிட்கி என்பவரின் முயற்சியால் 1973 அக்டோபர் 21-இல் ஆஸ்திரியாவில் ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு மின்விமானம் எழுந்தபோது நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் அதைச் சில நிமிடங்களே தாங்கின. 2000-க்குப் பிறகு லைப்போ பரவியபின்தான் பொழுதுபோக்கு விமானங்களில் மின்மோட்டார் எளிய தேர்வாயிற்று. எடை குறைவு, உள்தடையும் குறைவு என்ற இரண்டும் சேர்ந்து வந்ததால் கிடைத்த வெற்றி அது. அந்த இரண்டில் முதலாவது கடைசிவரை மாறாது. பேட்டரி கிழடானாலும் எடை அதேதான். இரண்டாவது ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே இருக்கிறது, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்று செல்களும் ஒரே சீராக மூப்பதில்லை. இரண்டு நல்லவை, ஒன்று மட்டும் 40 மில்லி ஓம் என்றால் 20 ஆம்பியரில் மொத்தம் 10.2 வோல்ட் கிடைக்கும். வேகக் கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் மொத்தத்தை மட்டுமே பார்ப்பதால் மோட்டாரை நிறுத்துவதில்லை. நலிந்த செல் மட்டும் அந்த நேரத்தில் 3 வோல்ட்டுக்கு வந்து, அதற்கும் கீழே இழுக்கப்பட்டு, இன்னும் விரைவாக நலியும். பேட்டரியின் வெள்ளைச் செருகியில் செல் வாரியாக அளக்க வேண்டும் என்பதும், அதையும் மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும் என்பதும் இதனால்தான். இப்போதைய சார்ஜர்கள் பலவும் உள்தடையைச் செல் வாரியாகவே காட்டுகின்றன. அந்த எண்களின் துல்லியத்தை நம்பிச் சண்டை போடத் தேவையில்லை. ஒன்று மற்ற இரண்டைவிட வெகுவாக விலகி நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

பேட்டரி நல்லது என்று தெரிந்தால் அடுத்தபடியாகச் சந்தேகம் போக வேண்டிய இடம் மோட்டாரல்ல, இணைப்புகள். ஈயம் சரியாக ஓடாமல் மேலோட்டமாகப் பற்றிக்கொண்ட ஒரு இணைப்பு 20 மில்லி ஓம் தடை தருகிறது என்று கொள்வோம். 20 ஆம்பியரில் அங்கே 0.4 வோல்ட் விழுகிறது. பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம் பிறக்கிறது. மின்னணுப் பட்டறைகளில் உள்ள 25 வாட் சால்டரிங் அயர்னின் மூன்றில் ஒரு பங்கு அது. பட்டாணி அளவு உலோகத்துக்கு இந்த வெப்பம் அதிகம். சூடேறினால் தடை ஏறும், தடை ஏறினால் மேலும் சூடேறும், கடைசியில் ஈயம் இளகி வாயைத் திறக்கும். தரையில் ஆறியதும் மறுபடி மூடிக்கொள்ளும். இந்த இருபது மில்லி ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையால் பிடிக்கவே முடியாது. அதன் சொந்த முனைக் கம்பிகளின் தடையே இதைவிடப் பல மடங்கு. ஆனால் அதே மலிவான மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, இணைப்பின் இரு பக்கமும் முனைகளைத் தொட்டுக்கொண்டு மோட்டாரை ஓட்டினால் 0.4 வோல்ட் பளிச்சென்று தெரியும். நல்ல இணைப்பு சில நூறில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு மேல் காட்டாது. கருவி மாறவில்லை, சுமை மட்டும் சேர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால், பழுது பார்க்கும் கலையில் கற்க வேண்டிய முதல் பாடமாக இந்த ஒரு அளவீட்டைச் சொல்வேன். மீட்டர் இல்லாதவர் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, விரலால் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தாலே போதும். அக்கம்பக்கத்தைவிட ஒன்று சுட்டால் அதுதான் இடம்.

மோட்டார் நிற்பதைவிட அஞ்ச வேண்டியது, கட்டுப்பாடே ஒரு கணம் போய்விடுவது. விமானம் கேட்காமல் திரும்பும், பிறகு கைக்குள் வரும், அல்லது வராமலே விழும். உடனே ரேடியோவின் மேல் பழி விழுகிறது. அலைவரிசைக் குறுக்கீடு, செல்பேசிக் கோபுரம் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ரேடியோ காரணமாக இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 125 மில்லிமீட்டர், ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை நீங்கிய 31 மில்லிமீட்டர் துண்டு அதன் கால் பங்கு. அந்தத் துண்டு அறுந்திருந்தாலோ, கார்பன் குழலோடு ஒட்டிக் கிடந்தாலோ வரவு குறையும். இதைக் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது, ரிசீவருக்கு உணவூட்டும் மின்சாரம். இத்தகைய விமானத்தில் ரிசீவருக்கென்று தனி பேட்டரி கிடையாது. வேகக் கட்டுப்படுத்திக்குள்ளே இருக்கும் பி.இ.சி. என்ற சுற்று, பெரிய பேட்டரியின் 11 சொச்சம் வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி ரிசீவருக்கும் மடல்களை அசைக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கிறது. மலிவான வகைகள் மிச்ச வோல்ட்டை வெறும் வெப்பமாகத் தள்ளுகின்றன. நிறைந்த பேட்டரியின் 12.6 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுத்தால் 7.6 மிச்சம். சர்வோக்கள் ஒரு ஆம்பியர் கேட்டால் 7.6 வாட் சூடு, கட்டைவிரல் அளவு சில்லுப் பலகையில். ஒன்பது கிராம் சர்வோ சும்மா நிற்கும்போது மிகக் குறைவாகவே கேட்கும், திரும்ப முடியாமல் திணறும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எங்கோ ஒரு மடலின் கீல் இறுகி, அந்த சர்வோ ஓயாமல் முட்டிக்கொண்டே இருந்தால் பி.இ.சி. கொதிக்கிறது. அளவு மீறியதும் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது, அல்லது வோல்ட் சரிந்து ரிசீவர் மயங்கி மீண்டும் விழிக்கிறது. பார்ப்பவருக்குத் தெரிவது சமிக்ஞை அறுந்த காட்சி. மூலகாரணமோ ஒரு துளி பசை பரவிய கீல். சில ரிசீவர்களில் இப்படி மயங்கி விழித்தபின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். விழுந்த விமானத்தில் பேட்டரியைக் கழற்றும் முன் அந்த விளக்கைப் பார்ப்பது மிகப் பயனுள்ள சாட்சியம்.

மோட்டார் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. மூன்று கம்பிகளில் ஒன்று விட்டுப்போனால் பிரஷ்லெஸ் மோட்டார் சுழலாமல் இடமும் வலமுமாகத் துடிக்கும். திசை மட்டும் மாறினால் அது பழுதே அல்ல, எந்த இரண்டு கம்பிகளையாவது இடம் மாற்றிச் செருகினால் நேராகிவிடும். சுருள்களைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மூன்று கம்பிகளையும் வேகக் கட்டுப்படுத்தியிலிருந்து எடுத்துவிட்டு விரலால் சுற்றினால் காந்தங்களின் சிறு துள்ளலைத் தவிர லேசாகச் சுற்ற வேண்டும். பிறகு இரண்டு இரண்டாகக் கம்பி முனைகளைச் சேர்த்துக்கொண்டு சுற்றினால் கை கனக்கும். அந்த நேரத்தில் மோட்டார் மின்னாக்கியாக மாறி, தன் மின்னோட்டத்தாலேயே தன்னைப் பிடித்து நிறுத்துகிறது. மூன்று இணைகளிலும் ஒரே அளவு கனம் இருந்தால் சுருள்கள் நலம். எதையும் சேர்க்காதபோதே கனத்தால் உள்ளே சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. இதுவும் சுமை வைத்துப் பார்க்கும் சோதனைதான், சுமை நம் விரலில் இருக்கிறது.

சுமையே அளவு மீறி வைக்கப்பட்டிருப்பதும் அடிக்கடி நடக்கிறது. உடைந்த 9 அங்குல புரொப்பல்லருக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த 10 அங்குலத்தை மாட்டுவார்கள். ஒரு அங்குலம் பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஒரே வடிவம், ஒரே சுழற்சி வேகம் என்றால் புரொப்பல்லர் விழுங்கும் திறன் அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். பத்தை ஒன்பதால் வகுத்து ஐந்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 1.7 மடங்கு வருகிறது. சுழற்சி சற்றுக் குறைவதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது, ஆனாலும் மோட்டாரையும் கட்டுப்படுத்தியையும் வேகவைக்க அது போதும்.

இனி உடலுக்கு வருவோம். நுரை விமானம் முறிந்தால் ஒட்டுவது எளிது. சாதாரண சூப்பர் குளூ தெர்மாகோலைக் கரைத்துவிடும், இப்போது பெரிதும் புழங்கும் ஈ.பி.ஓ. நுரையை ஒன்றும் செய்யாது என்ற ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தால் போதும். ஒட்டியபின் கையில் பிடித்துப் பார்த்து, நேராக இருக்கிறது என்று திருப்தி அடைவதில்தான் பழைய பிழை திரும்பி வருகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நொடிக்கு 10 மீட்டரில் இருந்ததைப் போல 20 மீட்டரில் நான்கு மடங்கு. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரை அசைக்கும் மெல்லிய கம்பி கையில் பார்க்கும்போது நன்றாகத் தள்ளுகிறது. விமானம் பாய்ந்து இறங்கும் வேகத்தில் அதே கம்பி வில்லாக வளைந்துகொள்கிறது, மடல் அசைவதில்லை, விமானம் மூக்கைத் தூக்க மறுக்கிறது. இங்கேயும் பழி ரேடியோவுக்கே போகும். சர்வோவை இயக்க நிலையில் வைத்து, மடலை விரலால் மெதுவாக எதிர்த்துப் பிடித்தால் கம்பி வளைவதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் நடுவில் ஒரு சிறு குழாய்த் துண்டை உடலோடு ஒட்டித் தாங்கல் கொடுத்தால், வளையும் நீளம் பாதியாகி, தாங்கும் விசை நான்கு மடங்காகும். இறக்கைக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. இரண்டு இறக்கை நுனிகளையும் விரல்களில் தாங்கி விமானத்தைத் தூக்கினால், இறக்கையின் நடுவில் ஏற்படும் வளைவு விசை, நேராகப் பறக்கும்போது ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 60 பாகை சாய்ந்து வளையும்போது விமானம் தாங்கும் சுமையும் அதே இரு மடங்குதான். ஒட்டு அங்கே முனகினால் வானத்தில் பிளக்கும். பசையின் எடையும் ஒரு சுமையே. எடைமையத்திலிருந்து 500 மில்லிமீட்டர் பின்னால் இருக்கும் வாலில் 10 கிராம் பசை சேர்ந்தால், 150 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும் மூக்கில் 33 கிராம் வைத்தால்தான் சமன் திரும்பும். வால் கனத்த விமானம் தரையில் அழகாகவே நிற்கும். கையை விட்டுப் போன பிறகுதான் அடக்கமின்றித் துள்ளும்.

இத்தனை அளவீடு எதற்கு, பாகங்கள் மலிவுதானே, மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பது நியாயமான மறுப்பு. மாற்றிப் பார்ப்பது சில நேரம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அது தவறான இடத்தில் பலித்து ஏமாற்றுகிறது. கெட்டது ஒரு இணைப்பாக இருக்கட்டும். புது பேட்டரி மாட்டியதும் பிரச்சினை தீர்கிறது, ஏனென்றால் அதன் உள்தடை குறைவு, இணைப்பில் விழும் வோல்ட்டை ஈடுகட்டும் அளவுக்கு அதனிடம் மிச்சம் இருக்கிறது. பழைய பேட்டரிதான் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. இருபது பறப்புகளுக்குப் பின் புதியதும் சற்று மூத்ததும் பழுது திரும்புகிறது. இன்னொன்று: பாகத்தை மாற்றுகையில் செருகிகளைக் கழற்றி மாட்டுகிறோம். அந்த உரசலே அழுக்கை நீக்கிச் சில நாட்களுக்கு இணைப்பைச் சரிசெய்துவிடுகிறது. மாற்றிய பாகத்துக்குப் பெயர் கிடைக்கிறது.

புரொப்பல்லரை மாட்டிக்கொண்டு மேசையில் முழு விசை கொடுப்பது ஆபத்து என்பது இதைவிடக் கனமான மறுப்பு. முற்றிலும் உண்மை. நிமிடத்துக்கு 9000 முறை சுழலும் 9 அங்குல புரொப்பல்லரின் நுனி நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் பாய்கிறது, விரலுக்கு அது கத்திதான். புரொப்பல்லரைக் கழற்றினால் பத்திரம், ஆனால் சுமை போய்விடும், சோதனை பொருளற்றதாகும். இரண்டையும் இரு சுற்றாகப் பிரிப்பதே வழி. சர்வோ, திசை, ஆன்டெனா, கீல் எல்லாம் புரொப்பல்லர் இல்லாமல். மின்சுமை மட்டும் புரொப்பல்லரோடு, வெட்டவெளியில், விமானத்தை வலுவாகக் கட்டிவைத்து, மீட்டர் முனைகளை முன்கூட்டியே பொருத்திவிட்டு, சுழல் வட்டத்தின் தளத்தில் யாரும் நிற்காமல் பின்னால் இருந்து. தரைச் சோதனை வானத்துக்கு ஈடாகுமா என்றும் கேட்கலாம். நின்ற இடத்தில் சுழலும் புரொப்பல்லர் பொதுவாகப் பறக்கையில் இழுப்பதைவிடக் கூடுதலாகவே மின்னோட்டம் இழுக்கும், ஆகவே அந்த வகையில் தரைச் சோதனைதான் கடினமானது. வானத்தின் அதிர்வு மட்டும் தரையில் முழுமையாக வராது. ஓடும்போது, சுழல் வட்டத்துக்குப் பின்னால் உள்ள கம்பிக் கட்டுகளை மரக்குச்சியால் தட்டியும் நெம்பியும் பார்ப்பது அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பும்.

ஒரே ஒரு பாகத்துக்கு இந்த முறை கூடாது. மூக்கு குத்தி விழுந்த விமானத்தில் முதலில் நசுங்குவது பெரும்பாலும் பேட்டரி. உப்பிய, மடிந்த, மூலை நசுங்கிய, இனிப்பு வாடை வீசும் லைப்போவைச் சுமை ஏற்றிப் பார்ப்பதும் சார்ஜ் செய்வதும் தீயை அழைப்பது. உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொடும் நிலை உடனே தீப்பிடிக்க வேண்டும் என்பதில்லை, சில மணி நேரம் கழித்தும் பற்றலாம். விழுந்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வெளியே மணல் நிரப்பிய வாளியிலோ மண்சட்டியிலோ வைத்துக் காத்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீர் முதலில் அரிப்பது இணைப்புத் தகடுகளை, உள்ளே சார்ஜ் அப்படியே தங்கிவிட நேரலாம். வெறுமனே உப்பியது, கம்பி நன்றாக இருக்கிறது என்றால் வண்டிகளில் போடும் 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்து, வெட்டவெளியில், பல்பு முழுவதும் அணையும்வரை விட்டு, பிறகு கம்பி முனைகளை ஒவ்வொன்றாக டேப் சுற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கலாம். குத்தப்பட்டோ கிழிந்தோ இருந்தால் பல்பும் வேண்டாம், மணலோடு அப்படியே கொண்டுபோக வேண்டும்.